துளை அட்டையும் என் அம்மாயியும்

வங்கிச் செயலியில் ஒருவருக்கு முதன்முறையாகப் பணம் அனுப்பும்போது கணக்கு எண்ணை இரண்டு தடவை கேட்பார்கள். முதல் கட்டத்தில் அடித்தது புள்ளிப் புள்ளியாக மறைந்துவிடும். இரண்டாவது கட்டத்தில் மறுபடியும் முதலிலிருந்து அடிக்க வேண்டும். பல செயலிகளில் நகலெடுத்து ஒட்டவும் முடியாது. அந்த இரண்டாவது கட்டம் வரும்போதெல்லாம் எனக்கு என் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, ஞாபகம் வரும். 1969லிருந்து 1982 வரை பதின்மூன்று வருடம் அவர் பார்த்த வேலை அதுதான். வேறொருவர் அடித்ததை, அவர் என்ன அடித்தார் என்று பார்க்காமல், மறுபடியும் அடிப்பது.

அம்மாயி 2023ல் எழுபத்தைந்து வயதில் காலமானார். சேலம் செவ்வாய்ப்பேட்டை வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: "அந்தக் காலத்துலயே கம்ப்யூட்டர்ல டைப் அடிச்சவங்க." வாஞ்சையோடுதான் சொன்னார்கள். ஆனால் அம்மாயி அங்கே உட்கார்ந்திருந்தால் கட்டாயம் திருத்தியிருப்பார். "டைப் அடிக்கறது வேற, சரிபார்க்கறது வேற கண்ணு" என்று எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அந்த வித்தியாசம் என்ன என்பதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன். அதற்கு ஏற்காட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காப்பி வந்தது 1820களில். அப்போது சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர் கொண்டுவந்து நட்டார். அதன்பிறகு மலை முழுக்க எஸ்டேட்டுகள். அப்படி ஓர் எஸ்டேட்டில் அம்மாயியின் அப்பா கணக்குப்பிள்ளை. யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார்கள், பழம் பறிப்புக் காலத்தில் யார் எவ்வளவு பறித்தார்கள், முன்பணம் எவ்வளவு பிடித்தம் என்பதெல்லாம் செக்ரோல் என்ற பெரிய ஏட்டில் ஏறும். கூலி போடுவதற்கு முந்தைய இரவு அந்த ஏட்டைச் சரிபார்க்க வேண்டும். வீட்டில் ஹரிக்கேன் விளக்கை நடுவில் வைத்துக்கொண்டு, மேஸ்திரிகள் தந்த துண்டுச் சீட்டுகளை மகள் சத்தமாகப் படிப்பார். அப்பா ஏட்டில் பார்த்து டிக் அடிப்பார். மகள் ஏட்டைப் பார்க்கக் கூடாது. அப்பா சீட்டைப் பார்க்கக் கூடாது. எண்ணை மொத்தமாகப் படிக்கவும் கூடாது. "இருபத்தேழு" என்று சொன்னால் காதில் "இருபத்தேழு" என்று விழுமே தவிர, கண் அங்கே எழுதியிருப்பதைச் சரியாகப் பார்க்காது என்பார் அப்பா. "ரெண்டு, ஏழு" என்று ஒவ்வொரு இலக்கமாகத்தான் படிக்க வேண்டும்.

அம்மாயிக்கு ஒன்பது வயது ஆனபோது, 1957 ஏப்ரல் 1ஆம் தேதி, நயா பைசா வந்தது. பதினாறு அணா இருந்த ரூபாய்க்கு இனி நூறு பைசா. கணக்குப்படி ஓர் அணாவுக்கு ஆறேகால் பைசா வர வேண்டும். கால் பைசாவுக்கு நாணயம் கிடையாது. அதனால் ஓர் அணாவுக்கு 6, இரண்டு அணாவுக்கு 12, மூன்று அணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று மாற்றுப் பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். ஓர் அணாவாக மூன்று தடவை மாற்றினால் 18 பைசா, மூன்று அணாவாகச் சேர்த்து மாற்றினால் 19. அந்த ஒரு பைசா யாருடையது என்ற கேள்வி கூலி வாங்கும் ஒவ்வொருவர் மனதிலும் இருந்திருக்கும். அந்த வருடம் முழுக்க ஏட்டை இரண்டு மடங்கு கவனமாகப் பார்த்தோம் என்று அம்மாயி சொல்வார்.

அப்பா சொல்லிக்கொடுத்த இன்னொரு விஷயம் அம்மாயியோடு கடைசி வரைக்கும் வந்தது. கூட்டல் உதைக்கிறதா? வித்தியாசம் எவ்வளவு என்று பார். அது ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால், எங்கோ பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். 54ஐ 45 என்று எழுதினால் வித்தியாசம் 9. 72ஐ 27 என்று எழுதினால் 45. எந்த இரண்டு இலக்கத்தை மாற்றிப் போட்டாலும் வித்தியாசம் ஒன்பதின் மடங்காகவே வரும். கணக்கு எழுதுகிறவர்களுக்குக் காலகாலமாகத் தெரிந்த சங்கதிதான். அதைப் பத்து வயதுப் பெண்ணிடம் ஒரு ரகசியம் போலச் சொல்லியிருக்கிறார் அந்த அப்பா.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் 1965ல் மலையிலிருந்து இறங்கி, சேலம் அம்மாபேட்டையில் சித்தி வீட்டில் தங்கி டைப்ரைட்டிங் சேர்ந்தார். அன்றைக்கு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் என்பது என்ன என்று இப்போதைய பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். கல்லூரிக்கு அனுப்ப வசதியில்லாத, அல்லது மனமில்லாத வீடுகள்கூட மாலையில் ஒரு மணி நேரம் டைப் கிளாசுக்குப் பெண்களை அனுப்பின. ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே என்று நாள்கணக்கில் ஒரே வரியை அடிக்க வேண்டும். அரசு தொழில்நுட்பத் தேர்வில் லோயருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. ஒரு வார்த்தை என்பது ஐந்து தட்டு என்று கணக்கு. இந்த ஊரில் எத்தனையோ பெண்களின் முதல் சம்பளத்துக்கு அந்தச் சான்றிதழ்தான் வழி. தமிழ்நாட்டில் பெண்கள் அலுவலகத்துக்குள் நுழைந்த கதையில் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த இடத்தை நான் இந்த இன்ஸ்டிட்யூட்டுகளுக்குத்தான் கொடுப்பேன்.

அம்மாயி ஹையர் முடித்து, 1969ல் மெட்ராசில் ஒரு பெரிய அலுவலகத்தில், கணினிக்குத் துளை அட்டை தயாரிக்கும் பஞ்ச் ரூமுக்குத் தேர்வானார். மவுண்ட் ரோட்டில் பதினான்கு மாடி எல்.ஐ.சி. கட்டடம் எழும்பிப் பத்து வருடம் ஆகியிருந்தது. மங்களூர் மெயிலில் போய் இறங்கி, அந்தக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்ததைத்தான் மெட்ராஸ் பற்றிய முதல் ஞாபகமாகச் சொல்வார்.

பஞ்ச் ரூமில் என்ன வேலை என்று அம்மாபேட்டையில் கேட்டவர்களுக்கு அம்மாயி சொன்ன விளக்கத்தை விடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது. "நீங்க தறிக்கு அட்டை போடற மாதிரி நாங்க கணக்குக்கு அட்டை போடறோம்." நெசவு நடக்கும் அம்மாபேட்டையிலும் இளம்பிள்ளை ஊரிலும் ஜக்கார்டு பெட்டி தெரியாத ஆளே கிடையாது. தறிக்கு மேலே நூலால் கோத்த அட்டை மாலை ஒன்று சுற்றிவரும். அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே நுழையும். அதோடு சேர்ந்த கொக்கி பாவு நூலைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளிவிடும், நூல் எழாது. ஒரு அட்டை ஓர் ஊடைக்கு. இப்படித்தான் முந்தானையில் மயிலும் மாங்காயும் வருகின்றன. பிரான்ஸில் லியோன் நகரத்தில் 1804 வாக்கில் ஜக்கார்டு என்பவர் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஏற்பாடு இது. துளையிட்ட அட்டையால் மக்களையும் எண்ணலாம் என்று அமெரிக்காவில் ஹாலரித் காட்டினார். 1890ஆம் வருட மக்கள்தொகைக் கணக்கை அங்கே அப்படித்தான் எண்ணினார்கள். அவர் தொடங்கிய நிறுவனம் வேறு சிலவற்றோடு சேர்ந்து, பிற்பாடு ஐ.பி.எம். ஆனது.

அம்மாயி கையாண்ட அட்டை ஏழேகால் அங்குலத்துக்குச் சற்றே கூடுதல் நீளம், மூன்றேகால் அங்குல அகலம். ஒரு மூலை வெட்டியிருக்கும். கட்டில் ஒரு அட்டை தலைகீழாகவோ திரும்பியோ இருந்தால் அந்த மூலை காட்டிக்கொடுத்துவிடும். நெடுக 80 பத்திகள். ஒவ்வொரு பத்தியிலும் மேலிருந்து கீழாக 12 இடங்கள். ஒரு பத்திக்கு ஓர் எழுத்து அல்லது ஓர் இலக்கம். இலக்கம் என்றால் ஒரே துளை. ஆங்கில எழுத்து என்றால் இரண்டு துளை: மேலே உள்ள மூன்று வரிசையில் (பன்னிரண்டு, பதினொன்று, பூஜ்யம் என்று அவற்றுக்குப் பெயர்) ஒன்று, கீழே ஒன்று. சேலம் என்று ஆங்கிலத்தில் எழுத ஐந்து பத்தி, பத்துத் துளை. எந்தெந்த இடத்தில் என்று அம்மாயி கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்: பூஜ்யமும் ரெண்டும், பன்னெண்டும் ஒண்ணும், பதினொண்ணும் மூணும், பன்னெண்டும் அஞ்சும், பதினொண்ணும் நாலும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எனக்கு அது ஒரு பாட்டு மாதிரி.

சம்பளப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். கிளைகளிலிருந்து கையால் எழுதிய தாள்கள் வரும். கோடிங் ஷீட் என்பார்கள். கட்டம் கட்டமாக இருக்கும். பஞ்ச் ஆபரேட்டர் தாளைப் பார்த்து இயந்திரத்தில் அடிப்பார். அட்டையில் துளை விழும். ஓர் ஊழியருக்கு ஓர் அட்டை, சில சமயம் இரண்டு. அட்டைக் கட்டு நேராகக் கணினிக்குப் போகாது. முதலில் வெரிஃபையர் இயந்திரத்துக்குப் போகும். அங்கே இன்னொரு ஆபரேட்டர், அதாவது அம்மாயி, அதே தாளைப் பார்த்து அதே எண்களை மறுபடி அடிப்பார். வெரிஃபையர் துளை போடாது. அடிக்கும் விசையும் ஏற்கனவே அட்டையில் விழுந்திருக்கும் துளையும் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்க்கும். ஒத்துப்போனால் அட்டை அடுத்த பத்திக்கு நகரும். ஒத்துப்போகாவிட்டால் விசைப்பலகை பூட்டிக்கொண்டு சிவப்பு விளக்கு எரியும். மறுபடி அடிக்கலாம். மூன்றாவது தடவையும் ஒத்துவரவில்லை என்றால், தவறு இருக்கும் பத்திக்கு நேர் மேலே அட்டையின் விளிம்பில் ஒரு பள்ளம் வெட்டிவிடும். எண்பது பத்தியும் சரியாக வந்துவிட்டால் வலது ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம் வெட்டும். அந்த வலது பள்ளம் இல்லாத அட்டை கணினி அறைக்குப் போகக் கூடாது. கட்டை நேராக அடுக்கி ஓரத்தைத் தடவிப் பார்த்தாலே போதும். பள்ளங்கள் சேர்ந்து ஒரு வாய்க்கால் மாதிரி ஓடும், நடுவில் ஓர் அட்டை முட்டினால் விரல் சொல்லிவிடும் என்பார் அம்மாயி.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அடித்தவரே சரிபார்க்கக் கூடாது. கிளையில் யாரோ அவசரத்தில் எழுதிய 7 ஒன்றைப் போலத் தெரிந்தால், அதை ஒன்று என்று படித்த கண் மறுபடியும் ஒன்று என்றுதான் படிக்கும். அதே ஆள் பத்துத் தடவை அடித்தாலும் அதே தவறு பத்துத் தடவை ஒத்துப்போகும். வேறு கண் வேண்டும். முதல் ஆள் என்ன அடித்தார் என்று தெரியாத கண் வேண்டும். ஏற்காட்டு வீட்டில் விளக்குக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அப்பாவும் மகளும் உட்கார்ந்ததும் இதற்காகத்தான். வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அம்மாயிக்கு அது புரிந்துவிட்டதாம். "நம்ம அப்பா பண்ணினதைத்தான் இங்க மிஷின் வெச்சுப் பண்றாங்க" என்று ஊருக்குக் கடிதம் போட்டிருக்கிறார்.

இன்னொரு காவலும் உண்டு. நூறு தாளைக் கட்டி அனுப்பும்போது, அதில் உள்ள ஊழியர் எண்களை எல்லாம் கூட்டி ஒரு சீட்டில் எழுதி வைப்பார்கள். ஊழியர் எண்களைக் கூட்டினால் வரும் தொகைக்கு ஒரு பொருளும் கிடையாது. ஆனால் அட்டைகளைக் கணினி படித்து முடித்துக் கூட்டும்போது அதே தொகை வர வேண்டும். வராவிட்டால் ஓர் அட்டை தொலைந்திருக்கிறது, அல்லது ஒன்று இரண்டு தடவை போயிருக்கிறது, அல்லது ஓர் எண் தப்பு. ஹேஷ் டோட்டல் என்று அதற்குப் பெயர். கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போகும்போது அம்மாயி இதைச் செய்வார். பட்டியலில் உள்ள வீடுகளின் கதவு எண்களை எல்லாம் கூட்டி ஒரு மூலையில் எழுதுவார். உறைகளின் மேல் எழுதியதையும் கூட்டுவார். என் அம்மாவின் கல்யாணத்துக்கு அப்படிச் சரிபார்த்தபோது ஒரு தொகை குறைந்தது. எந்த வீட்டின் கதவு எண் அது என்று தேடினால், சேலத்தில் குகை என்ற பகுதியில் இருந்த ஒரு பெரியம்மா வீடு விட்டுப்போயிருந்தது. கடைசி நேரத்தில் அந்தப் பத்திரிகை போய்ச் சேர்ந்தது.

ஓர் அட்டைப் பெட்டியில் 2,000 அட்டைகள். கை தவறி விழுந்தால் வரிசை கலைந்துவிடும் என்பதால், கட்டின் மேல்விளிம்பில் மூலைக்கு மூலை ஸ்கெட்ச் பேனாவால் சாய்வாக ஒரு கோடு இழுத்து வைப்பார்கள். கலைந்தாலும் கோடு நேராக வரும்படி அடுக்கினால் வரிசை கிடைத்துவிடும். அம்மாயியின் வீட்டுச் செலவுக் கணக்குப் பேரேட்டின் தாள் ஓரத்திலும் அந்தச் சாய்வுக் கோடு இருக்கிறது. கட்டுப் பிரிந்துபோன பேரேடு அது.

கணினியின் வரலாற்றைச் சொல்லும்போது நாம் இயந்திரங்களைச் சொல்கிறோம், அதை வடிவமைத்தவர்களைச் சொல்கிறோம், பிறகு நிரல் எழுதியவர்களைச் சொல்கிறோம். பஞ்ச் ரூமை யாரும் சொல்வதில்லை. அமெரிக்காவில் 1940களில் எனியாக் என்ற இயந்திரத்துக்கு முதன்முதலில் நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். அவர்கள் பெயர்களே பல பத்தாண்டுகள் கழித்துத்தான் வெளியே பரவலாகத் தெரிந்தன. நிரல் எழுதியவர்களுக்கே அந்த நிலை என்றால், அட்டை அடித்தவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். கணினி தப்பாகக் கூட்டாது. தப்பான எண்ணைக் கொடுத்தால் அதைச் சரியாகக் கூட்டித் தப்பான சம்பளத்தை அச்சடித்துத் தரும். அந்தச் சம்பளம் சரியாக இருந்தது என்றால், அதற்குக் காரணம் ஒரு கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து, ஒருவர் அடித்ததை இன்னொருவர் பார்க்காமல் அடித்த பெண்கள். அதை ஒரு கைவேலையாக மட்டும் பார்த்தார்கள். அந்தக் கூடத்தில் இருந்து நிரல் எழுதும் அறைக்கு அம்மாயியின் அலுவலகத்தில் யாரையும் மாற்றவில்லை. கல்லூரிப் பட்டம் வேண்டும் என்றார்கள். எண்பது பத்தியில் எது எங்கே இருக்க வேண்டும் என்பது நிரல் எழுதியவர்களை விட இந்தப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். இதில் எனக்கு இன்னும் ஆற்றாமை இருக்கிறது.

வெளியே அப்போது வேறொரு சண்டை நடந்துகொண்டிருந்தது. கணினி வந்தால் வேலை போய்விடும் என்று 1960களின் பிற்பாதியில் கல்கத்தாவில் ஆயுள் காப்பீட்டு ஊழியர்கள் பெரிய போராட்டம் நடத்தினார்கள். 1969ல் மத்திய அரசு இதை ஆராய தாண்டேகர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 1972ல் அறிக்கை வந்தது. வங்கிகளில் 1983ல்தான் நிர்வாகங்களும் சங்கங்களும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. மறு வருடம் வங்கிகளைக் கணினிமயமாக்குவது பற்றி ரங்கராஜன் குழுவின் அறிக்கை வந்தது. சங்கத்தார் பயந்ததில் நியாயம் இருந்தது. அம்மாயி அந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இருந்தார். பேரேடு எழுதும் எழுத்தர்களின் கண்ணுக்கு அவர் கணினியின் ஆள். கணினி அறையின் கண்ணுக்கு அவர் டைப்பிஸ்ட். மதியச் சாப்பாட்டுக்கு எந்தக் கூட்டத்தோடு உட்காருவது என்று முதல் சில மாதம் தெரியாமல் இருந்ததாகச் சொல்வார். அப்புறம் பஞ்ச் ரூம் பெண்களே சேர்ந்து ஒரு மேசை பிடித்துக்கொண்டார்கள்.

அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி இந்தியாவில் இயங்கும் நிறுவனத்தில் வெளிநாட்டுப் பங்கைக் குறைக்கச் சொன்னதால், 1978ல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டுப் போனது. இயந்திரங்கள் போகவில்லை. அவற்றைப் பராமரிக்கும் வேலையை அரசு நிறுவனமான சி.எம்.சி. எடுத்துக்கொண்டது. கொஞ்சம் கொஞ்சமாக, அட்டைக்குப் பதில் காந்தத் தட்டில் பதியும் இயந்திரங்கள் வந்தன. அட்டையின் காலம் இப்படித்தான் ஓய்ந்தது, சத்தமில்லாமல்.

இதற்கிடையில் அம்மாயிக்கு 1973ல் கல்யாணம். அப்புச்சிக்குச் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. அதை விட்டு அவர் மெட்ராஸ் போக முடியாது. என் அம்மா 1975ல் பிறந்தார். ஆறு மாதம் கழித்து அம்மாயி குழந்தையைக் கொள்ளுப்பாட்டியிடம் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினார். மாதத்துக்கு இரண்டு தடவை சனிக்கிழமை இரவு ரயில் ஏறி, ஞாயிறு முழுக்க சேலத்தில் இருந்து, அன்று இரவே திரும்பிவிடுவார். ஏழு வருடம் இப்படி. ரயிலில் தூக்கம் வராமல் மடியில் விரலால் எண்களைத் தட்டிக்கொண்டே போவாராம். எங்கள் குடும்பத்தில் இதைப் பற்றி யாரும் அதிகம் பேச மாட்டார்கள். என் அம்மா ஒரே ஒரு தடவை சொன்னார்: "எனக்கு அவங்க விரல்தான் முதல்ல ஞாபகம். முகம் அப்புறம்தான்."

1982ல் சேலம் கிளைக்கு மாற்றல் கிடைத்தது. அந்த வருடங்களில்தான் உருக்காலையில் வேலை தொடங்கி, சேலத்துக்கு வேறு ஒரு முகம் வந்துகொண்டிருந்தது. ஆனால் அம்மாயியின் கிளையில் கணினி கிடையாது. கோடிங் ஷீட்டை நிரப்பி மெட்ராசுக்குப் பார்சல் அனுப்ப வேண்டும். அங்கிருந்து அச்சடித்த பட்டியலும் தவறுப் பட்டியலும் திரும்பி வரும். இத்தனை வருடம் பிறர் எழுதிய தாளைப் படித்தவர், இப்போது பிறர் படிக்க எழுதினார். பூஜ்யத்துக்குக் குறுக்கே ஒரு கோடு. ஏழுக்கு இடுப்பில் ஒரு கோடு. ஆங்கில இசட்டுக்கும் நடுவில் ஒரு கோடு, இரண்டோடு குழம்பாமல் இருக்க. மெட்ராசில் யாரோ ஒரு பெண் இதைப் பார்த்து அடிக்கப் போகிறாள் என்ற நினைப்போடு எழுதுவேன் என்பார். எங்கள் வீட்டுப் பால் அட்டையில்கூட பூஜ்யத்துக்குக் கோடு இருக்கும்.

1990களின் தொடக்கத்தில் கிளைக்கு ஒரு பிசி வந்தது. ஏ.சி. அறை, வெளியே செருப்பைக் கழற்ற வேண்டும், மாலையில் தூசி உறை போட்டு மூட வேண்டும். பலர் தள்ளி நின்றபோது அம்மாயி போய் உட்கார்ந்தார். திரையில் ஒரு வரிக்கு எத்தனை எழுத்து என்று எண்ணினார். எண்பது! துளை அட்டையின் நீளம் திரையிலும் வந்து உட்கார்ந்திருந்தது. பழைய சிநேகிதியைப் பார்த்த மாதிரி இருந்தது என்றார். ஆனால் விரலுக்குச் சங்கடம். பழைய பஞ்ச் இயந்திரத்தில் எண்கள் வலது கை விரல்களுக்குக் கீழே, மேல் வரிசையில் 1 2 3, அடுத்து 4 5 6, கீழே 7 8 9 என்று இருந்தன. பிசியின் எண் பலகையில் 7 8 9 மேலே. பதின்மூன்று வருடம் ஊறிய கை ஒரே நாளில் மாறுமா? மூன்று மாதம் தினமும் அரை மணி நேரம் முன்னால் போய்ப் பழகினார். பின்னாளில் எங்கள் வீட்டுக்குப் பட்டன் டெலிபோன் வந்தபோது, அதில் 1 2 3 மேல் வரிசையில் இருந்ததைப் பார்த்து அப்படிச் சந்தோஷப்பட்டாராம். அவர் பார்க்காமலே எண்களைத் தட்டுவதை நானே பார்த்திருக்கிறேன்.

2000ஆம் வருடம் பிறக்கும்போது கணினிகள் குழம்பிவிடும் என்று உலகமே பேசியது. வருடத்தை ஏன் இரண்டே இலக்கத்தில் எழுதினார்கள், நாலாக எழுதியிருக்கலாமே என்று கேட்டவர்களுக்கு அம்மாயியிடம் பதில் இருந்தது. எண்பது பத்திதான். அதற்குள் பெயர், எண், பிரிவு, நாள், தொகை எல்லாம் அடங்க வேண்டும். ஒவ்வொரு தேதிக்கும் "19" என்று இரண்டு பத்தியை யார் கொடுப்பார்கள்? நிரல் எழுதியவர்களின் சோம்பல் என்று பத்திரிகைகள் எழுதியபோது அவருக்கு வருத்தம். "இடம் இல்ல சாமி, அவ்வளவுதான்" என்றார். அட்டை போன பிறகும் இடம் விலை உயர்ந்ததாகத்தான் பல வருடம் இருந்தது. டிசம்பர் 31 இரவு கிளையில் இருக்கச் சொன்ன மூன்று பேரில் அவரும் ஒருவர். ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு அது ஆச்சரியமாக இல்லை. அதற்கு முந்தைய ஆறு மாதம் ஒவ்வொரு தேதியையும் இன்னொருவரோடு உட்கார்ந்து படித்துப் பார்த்திருந்தார்.

2006ல் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகு தமிழில் தட்டச்சு செய்யக் கற்றுக்கொண்டார். தமிழ் டைப்ரைட்டரில் "கொ" அடிக்க முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். 1999ல் அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையில் க, பிறகு ஒ, அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரிகிற வரிசை ஒன்று, வாய் சொல்கிற வரிசை இன்னொன்று. இரண்டாவதுதான் நியாயம் என்பது அவர் முடிவு. ஏற்காட்டு நினைவுகளை நாற்பது பக்கம் அடித்து வைத்திருக்கிறார். அதில் பிழை ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

இப்போது வெரிஃபையர் என்ற வேலை கிடையாது. அதன் ஒரு பங்கு சூத்திரமாக எண்ணுக்குள்ளேயே போய்விட்டது. ஐ.பி.எம்.மில் வேலை பார்த்த லூன் என்பவர் 1954ல் ஒரு கணக்கு முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். வங்கி அட்டை எண்ணின் கடைசி இலக்கம் அந்த முறைப்படி வருவது. மற்ற இலக்கங்களில் ஒன்று தவறினால் அது ஒத்துவராது. ஆதாரின் பன்னிரண்டாவது இலக்கமும் அப்படி ஒரு காவல் இலக்கம்தான், சூத்திரம் வேறு. பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் இவை பெரும்பாலும் பிடித்துவிடும். இதைச் சொன்னபோது அம்மாயி ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பாவோட ஒம்பதுதான் இது" என்றார். ஆனால் பெயருக்கும் பிறந்த தேதிக்கும் அப்படி ஒரு காவல் இலக்கம் கிடையாது. அங்கே இன்னமும் இரண்டாவது கண்தான் வேண்டும். அந்த இரண்டாவது கண்ணுக்கு ஆகும் சம்பளத்தை மிச்சம் பிடித்துவிட்டோம். படிவத்தை நிரப்புகிறவரே அடிக்கிறார், அவரே சரி என்று அழுத்துகிறார்.

அதன் பலன் அம்மாயியையே வந்து தொட்டது. ஓர் அலுவலகத்தில் அவருடைய விவரங்களைக் கணினியில் ஏற்றியபோது பிறந்த வருடம் 1948க்குப் பதில் 1984 என்று விழுந்துவிட்டது. சொந்த மகளை விட ஒன்பது வயது இளையவர் என்று காகிதம் சொன்னது. முதியோருக்கான ஒரு சலுகைக்கு விண்ணப்பித்தபோது மறுத்துவிட்டார்கள். நாலு தடவை அலைந்து, பள்ளிச் சான்றிதழைக் காட்டித் திருத்த வேண்டியிருந்தது. முதல் தடவை அந்தத் தாளைக் கையில் வாங்கியதும் அவர் கோபப்படவில்லை. பேனாவை எடுத்து ஓரத்தில் கழித்தார்: முப்பத்தாறு. ஒன்பதால் வகுத்தார்: நாலு. "பாரு, நாலும் எட்டும் இடம் மாறியிருக்கு" என்று என்னிடம் காட்டினார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "யாரும் ரெண்டாவது தடவை அடிச்சுப் பாக்கல."

அவர் போன பிறகு இறப்புச் சான்றிதழுக்காக நானும் அம்மாவும் போனோம். ஊழியர் விவரங்களை அடித்து முடித்துவிட்டுத் திரையை எங்கள் பக்கம் திருப்பி, சரியா என்று பார்க்கச் சொன்னார். நல்ல மனிதர், அவசரப்படுத்தவில்லை. அம்மா திரையைப் பார்க்கவில்லை. பையிலிருந்து பள்ளிச் சான்றிதழை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். நான் தாளைப் பார்க்காமல் திரைக்கு முன்னால் நின்றேன். பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் அம்மா படித்தார். பிறகு தேதி. பிறகு மாதம். பிறகு, "ஒண்ணு, ஒம்பது, நாலு, எட்டு."

நான் திரையில் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தேன். "சரி" என்றேன். அம்மா அடுத்த வரிக்குப் போனார்.